மடத்தக்காவின் இடம்

"இனிமே இது என்னாது?"

மடத்தக்காவை நினைத்தால் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். கையில் சாவிக்கொத்தோடு வாசல்படியில் நின்றுகொண்டு, கட்டடத்தை எடுத்துக்கொள்ள வந்திருக்கிற ஆளிடம் ஒரே ஒரு தரம் கேட்பார். வந்தவர் பள்ளிக்கூடம் என்பார், ஆஸ்பத்திரி என்பார், குடோன் என்பார். அக்கா "சரி" என்பார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், பிறந்ததிலிருந்து அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி நிற்பார்.

கோம்பை போகிற ரோட்டில் திராட்சைத் தோட்டங்களைத் தாண்டினால் எங்கள் ஊர். ஊர் முனையில் அந்த மடம். வெள்ளைக்காரச் சாமியார்கள் மலை ஏறி மலையாளத்துப் பக்கம் நடந்து போன காலத்தில், வழியில் தங்குவதற்குக் கட்டியது என்று சொல்வார்கள். அப்புறம் கன்னியர் மடமானது. அதற்கப்புறம் அநாதைப் பிள்ளைகளையும் அங்கேயே வைத்து வளர்த்தார்கள். நடுவில் காலரா வந்தபோது நோயாளிகளைக் கொண்டுவந்து போட்டிருந்தார்களாம். இரண்டடி கனத்துக்குச் சுவர், தலைக்கு மேலே ஜன்னல். எதைக் கொண்டுவந்து வைத்தாலும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்கிற கட்டடம். அக்காவும் அப்படித்தான்.

அக்கா அங்கே வந்தது கைக்குழந்தையாக. யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அநாதை இல்லத்தை மூடியபோது சில பிள்ளைகளை மதுரைக்குக் கொண்டுபோனார்கள், சில பேருக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். இவர் மட்டும் சமையல்கட்டில் ஒண்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை, அதனால் நானும் இங்கே எழுதவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அந்த மடத்தில்தான் படித்தேன். அப்போது அக்காவுக்கு மணியடிக்கிற வேலை. பிந்தி வந்தால் காதைப் பிடித்துத் திருகுவார். "ஏலே, மணிச் சத்தம் மலைக்கே கேட்டிருக்கும், ஒனக்குக் கேக்கலியா?" பள்ளிக்கூடத்துக்கு ஊருக்குள் புதுக் கட்டடம் கட்டி எங்களை அங்கே மாற்றிவிட்டு, மடத்தைப் பெரிய மதரும் சிஸ்டர்மாரும் மருந்தகமாக்கினார்கள். கடைசி நாளன்று என் டிபன் பாக்ஸை அங்கேயே ஜன்னலில் மறந்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை எடுக்க ஓடினேன். அக்கா வெள்ளைச் சேலையில், டெட்டால் வாசனையோடு உட்கார்ந்திருந்தார்.

"சீட்டு வாங்கிட்டு உக்காரு" என்றார்.

"அக்கா, நான்தான். என் டிபன் பாக்ஸு..."

"ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாதவுகளுக்கு ஆஸ்பத்திரியில என்ன சோலி?"

மூன்று நாளைக்கு முன்னால் என் காதைத் திருகிய அதே கைதான். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். மறுநாள் சாயங்காலம் டிபன் பாக்ஸ் வீடு தேடி வந்துவிட்டது. சாம்பல் போட்டு விளக்கி, வெயிலில் காயவைத்து, பளபளவென்று இருந்தது. யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார்.

மருந்தகமும் நின்று, சிஸ்டர்மார் கிளம்பிப் போனபிறகு கட்டடம் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் குடோன் ஆனது. ஜெபக்கூடம் முழுக்க மூட்டை. அந்தோனியார் திருநாளன்று வழக்கம்போல ஒரு பாட்டியம்மா மெழுகுவத்தியோடு வந்து, சொரூபம் இல்லாத மாடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டிருக்கிறார். அக்கா போய் மெழுகுவத்தியை வாங்கி அணைத்துவிட்டார். "ஆத்தா, இது குடோன். சாமி அப்பவே கோயிலுக்குப் போயிட்டாரு. அங்கன போய்க் கும்பிடு." ஊரே கொதித்தது. சாமியார் வளர்த்த பிள்ளை சாமியையே விரட்டுகிறாள் என்றார்கள். எங்கம்மா மட்டும்தான் சிரித்தார். "அவ சொன்னதுல என்னடா தப்பு? மூட்டையில தீப்பிடிச்சா அந்தோனியாரா வந்து அணைப்பாரு?"

எங்கம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒத்துப்போகும். மொச்சைக்காய் வந்தால் முறத்தை எடுத்துக்கொண்டு அம்மா மடத்துக்குப் போய்விடுவார். இரண்டு பேரும் உட்கார்ந்து உரிப்பார்கள். பேச்சு அதிகம் இருக்காது. அக்காவோடு இருபது நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கம்மாதான்.

அணைத்தண்ணீர்த் தகராறில் கேரள எல்லையை மூடியபோது மடத்தில் போலீஸ் தங்கியது. அதற்கும் அதே கேள்விதான், அதே "சரி"தான். மறுநாள் ஊர்த்தலைவர் ஏதோ கேட்கப் போயிருக்கிறார். அக்கா வாசலை மறித்துக்கொண்டு, "ஐயா தூங்குறாக. மனு இருந்தாக் குடுத்துட்டுப் போங்க" என்றாராம். தலைவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். போலீஸ் கிளம்பியதும் ஏலக்காய் மூட்டை திரும்பி வந்தது.

நான் அதே பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனேன். ஜூபிலி மலருக்கு மடத்தின் கதையை எழுதச் சொல்லி என் தலையில் கட்டினார்கள். அக்காவைத் தவிர யாருக்குத் தெரியும்? நோட்டோடு போனேன்.

"அக்கா, காலரா சமயத்துல எந்த ரூம்ல ஆளுகளப் போட்டிருந்தாக? பெரிய மதர் ஒங்ககிட்டச் சொல்லியிருப்பாகளே."

"மேல இருக்கே, ஏலக்கா ரூமு."

"சரி, அது அப்ப எப்படி இருந்துச்சாம்?"

"இப்ப ஏலக்கா இருக்கு."

"இப்ப இல்லக்கா, அப்ப."

"அப்பன்னு இங்கன எந்த ரூமும் இல்லியே வாத்தியாரே."

சரியான கல்லுளிமங்கி! ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் நோட்டில் ஒரு வரி ஏறவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அம்மா மொச்சை உரித்துக்கொண்டே, "ஏன்டா அவ வாயப் புடுங்குற? அங்கன அது இருந்துச்சு, இங்கன இது இருந்துச்சுன்னு அவ பெனாத்திக்கிட்டுத் திரிஞ்சா, புதுசா வர்றவன் வச்சிருப்பானா? எந்திரிச்சுப் போன்னுருவான். போறதுக்கு அவளுக்கு எங்கன இருக்கு?" என்றார். அப்போதுதான் அந்தக் கேள்வியில் இருந்த பயம் எனக்கு உறைத்தது. நாற்பது வருஷமாகக் கேட்டிருந்தும் அதுவரைக்கும் எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒரே ஓர் இடத்தைப் பற்றி மட்டும் அக்கா யாரிடமும் கேட்டதில்லை. மடத்துக்குப் பின்னால், இடுப்பளவு சுவருக்குள் சிஸ்டர்மார் கல்லறை. வெள்ளைக்கார சிஸ்டர்கள் ஒரு வரிசை, நம்ம ஊர் சிஸ்டர்கள் ஒரு வரிசை. முன்பக்கம் எதுவாக மாறினாலும் பின்பக்கம் மாறவில்லை. சனிக்கிழமை தவறாமல் அக்கா அங்கே புல் பிடுங்குவார். சிஸ்டர்மார் கிளம்பிய அன்று பெரிய மதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எங்கேயும் போக வேண்டாம். கடைசியில் உனக்கு இங்கே, எங்களோடயே இடம் உண்டு" என்று சொன்னதை ஊரே நின்று கேட்டது. வாழ்க்கையில் அக்காவுக்கென்று யாராவது கொடுத்தது அது ஒன்றுதான்.

இரண்டாவது தடவை கொரோனா வந்தபோது மடத்தைச் சிகிச்சை மையம் ஆக்கினார்கள். கேட்டில் அக்கா முகக்கவசத்தோடு நின்றார். எங்கம்மாவுக்கு மூச்சு இரைத்தது. கம்பம் ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. மடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நான் மூன்றாம் வகுப்பு படித்த அறையில் அம்மாவுக்குக் கட்டில் கிடைத்தது. அக்கா இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று எனக்கு ஒரு தெம்பு.

உள்ளே யாரையும் விட மாட்டார்கள். காலையில் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோவேன். அக்கா வாங்கிக்கொண்டு, நேற்றைய வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார்.

"அக்கா, ஒரு தடவ ஜன்னல் வழியாவது பாத்துட்டு வந்துர்றேன்."

"இது கொரோனா ஆஸ்பத்திரி. விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காக."

"எங்கம்மாக்கா. ஒங்களோட மொச்சை உரிச்சவுக."

"விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காக" என்றார் மறுபடியும்.

ஐந்தாம் நாள் காலையிலும் கஞ்சியோடு போனேன். வாளியை வாங்கிக்கொண்டார். அம்மா எப்படி இருக்காக என்று கேட்டேன். "டாக்டர் சொல்லுவாக" என்றார். தூங்கினாகளா என்றேன். "டாக்டர் சொல்லுவாக வாத்தியாரே." கழுவிய வாளியை வாங்கிக்கொண்டு நான் வீடு வந்து சேர்ந்து, கைகால் கழுவி, ஒரு வாய் காப்பி குடித்த பிறகு போன் வந்தது. அம்மா விடிவதற்கு முன்னாலேயே இறந்துவிட்டார்.

செத்தவளுக்குக் கஞ்சி வாங்கியிருக்கிறாள்! என் முகத்தைப் பார்த்து, என் கையிலிருந்து வாங்கியிருக்கிறாள்! சேதி சொல்வது ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலை, கஞ்சி வாங்குவது இவள் வேலை. வேறொரு மனுஷியாக இருந்தால் கண்ணாவது கலங்கியிருக்கும், கையாவது நடுங்கியிருக்கும். அன்றையிலிருந்து அவரை எனக்குள் 'அவள்' என்றுதான் சொல்லிக்கொண்டேன். அந்த ஆத்திரத்தை நான் சோறு போட்டு வளர்த்தேன்.

அன்று எனக்கும் காய்ச்சல். வீட்டுக்கு வெளியே தகரம் அடித்துவிட்டார்கள். அம்மாவின் உடலை ஏற்றிய வண்டியை ஊர்க் கல்லறைக்குள் விடவில்லை. எங்கள் சொந்தக்காரர்களேதான் முள்ளை வெட்டிப்போட்டு வழியை மறித்தார்கள். வெயிலில் ரோட்டில் வண்டி நிற்கிறது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஃபாதருக்கும் தாசில்தாருக்கும் மாறி மாறிப் போன் போடுகிறேன், கத்துகிறேன், கெஞ்சுகிறேன். மதியத்துக்கு மேல் ஃபாதர் கூப்பிட்டார். "எடம் கிடைச்சிருச்சு சார். மடத்துக்குப் பின்னால, சிஸ்டர்மார் வரிசையில. முடிச்சிட்டோம்." ஃபாதர்தான் ஏற்பாடு செய்தார் என்று நினைத்துக்கொண்டேன். யார், எப்படி என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. பிறகு போய்ப் பார்த்தேன். சுவரோரம் வேப்பமரத்தடியில், கடைசி இடம். நாலு மூலைக்கும் நாலு கல் நட்டிருந்தது. புதைக்க வந்தவர்கள் அடையாளத்துக்கு நட்டிருப்பார்கள் என்று எண்ணினேன். அக்கா அந்தப் பக்கம் வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன வருஷம் ஒருவர் வந்து மடத்தைக் குத்தகைக்குக் கேட்டார். பழைய கட்டடம் பார்க்க, திராட்சைத் தோட்டம் பார்க்க ஆட்கள் வந்து தங்குகிற விடுதி நடத்தப்போகிறாராம். மடம் பங்குக் கோயிலின் சொத்து; கமிட்டி கூடியது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நிபந்தனைகளை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். "அக்காவை என்ன செய்யிறது?" என்றார் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஃபாதர். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"ஆண்டிபட்டிப் பக்கம் சிஸ்டர்மார் முதியோர் இல்லம் நடத்துறாகள்ல ஃபாதர்" என்றேன்.

பின்பக்கக் கல்லறை பற்றிப் பேச்சு வந்தது. இருப்பது இருக்கட்டும், ஆனால் விருந்தாளிகள் தங்குகிற இடத்தில் புதிதாகச் சாவு வரக்கூடாது என்றார் குத்தகைக்காரர். எங்கம்மா ஏற்கனவே அங்கே இருக்கிறார், எனக்கு அது போதும். 'கல்லறைப் பகுதி உள்ளபடியே இருக்கும்; இனி எவரையும் அங்கே அடக்கம் செய்யக்கூடாது' என்று எழுதினேன். பெரிய மதர் கொடுத்த வாக்கு ஞாபகம் இல்லாமல் எழுதினேன் என்று சொன்னால் பொய். ஞாபகம் இருந்தது. பேனா ஒரு விநாடி கூட நிற்கவில்லை.

சேதியைச் சொல்லவும் நானே போனேன். அன்று அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அக்கா சாவிக்கொத்தோடு வாசல்படியில் நின்றார். ஆள் வற்றிப்போயிருந்தார்.

"இனிமே இது என்னாது?"

"ஆளுக தங்குற விடுதி. நீங்க ஆண்டிபட்டிக்குப் போகணும். நாளைக்கு வண்டி வரும்."

"சரி."

நான் கிளம்பத் திரும்பினேன். "பின்னால?" என்றார். பின்பக்கத்தைப் பற்றி அவர் கேட்டு அன்றுதான் கேட்கிறேன்.

"அது அப்படியே இருக்கும். ஆனா இனிமே அங்கன யாரையும் வைக்கக்கூடாது. எழுதிக் கையெழுத்தாயிருச்சு."

"யாரையுமா?"

"யாரையும்."

அழுவார், மதர் கொடுத்த வாக்கைச் சொல்வார், சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். பதிலைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"ஒங்க ஆத்தா இருப்பாகல்ல?" என்றார்.

"இருப்பாக."

"சரி" என்று சாவிக்கொத்தை என் கையில் வைத்தார்.

போன மாதம் ஆண்டிபட்டியிலிருந்து பெரிய மதர் போனில் பேசினார். அவரும் ஓய்வெடுத்துக்கொண்டு அந்த இல்லத்தில்தான் இருக்கிறாராம். தொண்ணூறு வயசு இருக்கும், குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

"அவ காலையில போயிட்டாப்பா. தூக்கத்துலயே. அங்க கொண்டுவரட்டுமா? உங்கம்மாவை வச்சு நாலு வருஷம் ஆச்சுல்ல. அந்தக் குழியைத் திறந்தே வைக்கலாம்."

ஒரே குழியில் இரண்டாவது ஆளை வைப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான். ஆனால் அது வீட்டு ஆட்களுக்குச் செய்வது. "எங்கம்மா குழியிலயா மதர்?" என்றேன்.

"அது அவ இடந்தானேப்பா. உனக்குத் தெரியாதா?" மதருக்கு ஆச்சரியம். "வரிசையில அந்த ஒரு இடந்தான் பாக்கி இருந்துச்சு. சுவரோரம், வேப்பமரத்தடி. நாங்க கிளம்புறப்ப நானும் அவளும்தான் நாலு மூலைக்கும் கல்லு நட்டோம். கொரோனா நேரத்துல ஒரு நாள் மத்தியானம் போன் பண்ணுனா. அவளா எனக்குப் போன் பண்ணுனது அந்த ஒரு தடவதான். 'மதர், வாத்தியார் ஆத்தாள ரோட்டுலயே வச்சிருக்காக. என் எடத்தக் குடுத்துர்றேன், நீங்க ஃபாதர்கிட்டச் சொல்லுங்க'ன்னா. அப்ப உனக்குன்னு கேட்டேன். 'எனக்கு இன்னும் வரல மதர், அவுகளுக்கு வந்துருச்சு. எனக்கு வந்தா அவுக கூடவே படுத்துக்கிறேன், பழகுன ஆளுதான்'னா."

மதர், "லைன்ல இருக்கியாப்பா?" என்று இரண்டு தரம் கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு விடுதிக்குப் போன் போட்டேன். மேனேஜர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான்.

"சார், அக்ரிமெண்ட்ல தெளிவா இருக்கே. 'இனி எவரையும் அங்கே அடக்கம் செய்யக்கூடாது.' கையெழுத்துகூட உங்களோடதுதானே சார்? இந்த வாரம் ரூம் எல்லாம் ஃபுல்லு. மன்னிச்சிக்கங்க."

கெஞ்சினேன். ஃபாதரை விட்டுப் பேசச் சொன்னேன், குத்தகைக்காரரிடமே பேசினேன். எழுதியது எழுதியதுதான் என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கம்மாவை வைத்துக்கொண்டு ரோட்டில் நின்ற வண்டிக்காக இதே மாதிரி கெஞ்சினேன். அன்றைக்கு இடம் கொடுக்க ஒரு ஆள் இருந்தது.

ஆண்டிபட்டிக்குப் பஸ்ஸில் போனேன். இல்லத்துக்குப் பின்னால் கரட்டு நிலம், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. கடப்பாறை போட்டால் பொறி பறக்கிறது. அக்காவைக் குளிப்பாட்டி வெள்ளைச் சேலை கட்டியிருந்தார்கள். பெரிய மதர் சக்கர நாற்காலியில் இருந்தார். நான் அந்த எழுத்தைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மண் தள்ளி முடிந்ததும் நாலு கல் பொறுக்கிவந்து மூலைக்கொன்றாக நட்டேன். குழி வெட்டியவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு சார் அவுக? ஒங்க ஆத்தாளா?"

"இல்ல" என்றேன். "எங்காத்தா இவுக எடத்துல படுத்திருக்கு."